பின்பக்கம் நேவி

கிர்ஸ்டெனின் மின்னஞ்சல் வந்தபோது
ராத்திரி ஒன்பதே முக்கால்.
ஒற்றை வரி:
ப்ளீஸ் கட் பேக் ஆன் த நேவி.

கட் எனக்குத் தெரியும்.
பதினோரு வருசமாய் அனுப்பர்பாளையத்தில்
அந்தச் சொல்லில்தான் சோறு தின்கிறேன்.
பேக் என்றால் முதுகு.
சட்டைக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று.
ஆன், மேலே.
நேவி, குடோனில் நானூறு கிலோ.
நான்கையும் கூட்டினேன்
விடை மீதியில்லாமல் வந்தது.

'பின்பக்கத்த நேவில வெட்டச் சொல்றாங்ண்ணா.'
'முன்னால?'
'முன்னால வெள்ளையேதானுங்.'
மாசிலாமணியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து
கத்தியைப் போட்டார்.
விடியும்போது மேசையில் கிடந்தன
மூவாயிரத்து இருநூறு நீல முதுகுகள்.

நேவியைக் குறைத்துக்கொள் என்றுதான்
அவள் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த கடிதத்தில் கால் இட் ஆஃப்.
கூப்பிடு, அதை, அப்பால்.
எங்கே கூப்பிடுவது என்று ஒரு நிமிசம் யோசித்தேன்.
மொதலாளி சொன்னார், ஆர்டரே போச்சு.

அன்றைக்கு ராத்திரி தூக்கமில்லாமல்
பழைய பேக்கிங் லிஸ்டின் முதுகில் எழுதிப் பார்த்தேன்.
கட் டவுன், கட் இன், கட் அவுட், கட் ஆஃப்:
கத்தி ஒன்றேதான்.
பின்னால் ஒட்டும் பொடிச்சொல்தான்
துணி எந்தப் பக்கம் விழும் என்று தீர்மானிக்கிறது.
இட் என்கிற சிறுசுக்கு நடுவில்தான் இடம்,
டிவிஎஸ் ஐம்பதில்
அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவே நசுங்கும் பிள்ளை போல.
கால் ஆஃப் இட் என்றால் விழுந்துவிடும்.
த ஆர்டர் என்று பெரிதாக வளர்ந்தவன் மட்டும்
நடுவிலும் உட்காருவான், கடைசியிலும் தொற்றிக்கொள்வான்.
ஆனால் கட் பேக் ஆன் இட்டில்
அந்தச் சிறுசும் கடைசிக்குத்தான் போகவேண்டும்.
ஆன் தன் கையைப் பிடிக்க ஆள் இல்லாமல் நிற்காது.
புட் அப் வித்:
வை, மேலே, கூட.
மூன்றும் சேர்ந்தால் சகித்துக்கொள்வது.
அந்த மாசம் மொதலாளி
என்னை அப்படித்தான் வைத்திருந்தார்.

'நாம மட்டும் என்னவாமா?' என்றார் மாசிலாமணியண்ணன்.
'வெட்டிக்க, வெட்டிப்போடு, வெட்டித்தொலை.
மூணும் ஒண்ணா?
தாட்டி உடுங்கறமே,
அதுல தாட்டிங்கறது என்ன, தனியாச் சொல்லு பாக்கலாம்.'
வாயைத் திறந்தேன்.
கையால் காற்றை அக்கட்டால தள்ளத்தான் முடிந்தது.
அவர் சிரித்தார்.
எனக்குச் சிரிக்க இன்னும் இரண்டு சம்பளம் பாக்கி இருந்தது.

சட்டைகளை எடை போட்டு
காதர்பேட்டைக்குத் தாட்டி விட்டோம்.
கிர்ஸ்டெனுக்கு மன்னிப்பு எழுதினேன்.
பதில் வந்தது: வி வில் கெட் பேக் டு யூ.
பேக்கைப் பார்த்ததும் வயிறு கலங்கியது.
இந்த முறை முதுகு இல்லை,
திரும்ப வருவோம் என்று அர்த்தம்.
வரவில்லை.

நேற்று பல்லடம் பஸ்ஸில்
எனக்கு எதிரே கம்பியைப் பிடித்தபடி ஒரு பையன்.
வெள்ளைச் சட்டை, நெஞ்சில் ஒன்றும் இல்லை.
அருள்புரத்தில் இறங்கத் திரும்பினான்.
நேவி.

தோள் தையலில்
வெள்ளையும் நீலமும் சேரும் இடத்தைப் பார்த்தேன்.
ஒரு நூல் பிசகவில்லை.
நல்லாத்தான் வெட்டியிருந்தார்.